ரப்பர் காட்டில் பஞ்சர்

மலேசியாவின் சிரம்பானில் இலையுதிர்காலம் இல்லை. ரப்பர் மரம் இலை உதிர்ப்பதே பிப்ரவரி வாக்கில், வெயிலில்தான். அக்டோபர், நவம்பரில் கிடைப்பது பிற்பகல் இடிமழை.

போர்ட் டிக்சன் வரை சுமார் 30 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து நனைபவருக்கு அது ‘அனுபவம்’. அதே மழையில் பால் வெட்ட முடியாமல் அன்றைய கூலியை இழந்த தோட்டத்துப் பாட்டிகள் அதற்கு வைத்த பெயர்களை இங்கே அச்சிட முடியாது.

அந்தத் தோட்டங்களுக்கும் சைக்கிளுக்கும் தொடர்பு உண்டு: 1888இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார், ரப்பருக்குக் கிராக்கி ஏறியது, தோட்ட வேலைக்குத் தமிழர்கள் கப்பலேறினார்கள்.

சிரம்பான் இருக்கும் இந்த மாநிலத்தின் பிரபலமான சைக்கிள் பயணிகள், போரில் படையெடுத்து வந்த ஜப்பானியச் சிப்பாய்கள்தாம். 1942 ஜனவரி 14 அன்று கெமிஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் அவர்களை மடக்கினார்கள். அந்த ஜப்பானியப் படை டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே உருட்டிக்கொண்டு போனது, இருபுறமும் ரப்பர் மரங்கள் வேடிக்கை பார்க்க.