அம்பாசடரின் திணறல்: ஓர் அளவையியல் ஆய்வு

பழைய பெட்ரோல் அம்பாசடர் ஏன் திணறுகிறது என்பதை அறியும் வழியே இக்கட்டுரையின் பொருள். திணறாத அம்பாசடர் நம் எல்லைக்குள் வாராது, அஃது அரிதாகலின். உத்தர்பாராவில் 2014இல் உற்பத்தி நின்றுபோனதால் புதிய சான்றுகள் கிடைக்க வாய்ப்பில்லை. இருக்கும் சான்றுகளோ ஆண்டுக்கு ஆண்டு கூடுதலாகத் திணறி ஆய்வுக்கு ஒத்துழைக்கின்றன.

பட்டறை வழக்கில் இந்நோய் மூவகை. நின்ற இடத்தில் உடம்பு குலுங்கினால் ‘மிஸ்ஸிங்’. ஓட்டத்தில் முன்னும் பின்னும் உலுக்கினால் ‘ஜெர்க்’. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் சற்று யோசித்துவிட்டுப் பாய்ந்தால் ‘பிக்கப் இல்லை’. மூன்றும் ஒருங்கே அமைந்த வண்டியும் உண்டு. அதன் உரிமையாளர், “நல்ல கண்டிஷன் சார், ஓட்ட ஆளில்லாமத்தான் குடுக்குறேன்” என்பார்.

மெய்ப்பொருள் காண நம் முன்னோர் காட்சி, கருதல், உரை என மூன்று அளவைகளை வகுத்தனர். பானெட்டைத் தூக்கியதும் முதலில் வந்து சேர்வது உரை. டீக்கடையிலிருந்து கிளாஸோடு ஒருவர் வந்து, “கார்புரேட்டர்ல குப்பை” என்பார். மற்றொருவர், “பங்க்ல தண்ணி கலந்துட்டான்” என்பார். அண்மையில் ‘எல்லாம் எத்தனாலால் வந்தது’ என்னும் மூன்றாம் மரபும் வலுத்துள்ளது. இம்மரபினரை அடியோடு மறுக்க இயலாது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்ஸிஜனும் சேர்ந்தே வருகிறது. அதை உணரும் சென்சார் கார்புரேட்டருக்குக் கிடையாது. பழைய ரப்பர் குழாய்களும் உப்பும். ஆயினும் எத்தனால் வருவதற்கு முன்பே இதே வண்டி இதே டீக்கடை வாசலில் நின்றது எங்ஙனம் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை.

காட்சிக்கு உரியது ஸ்பார்க் பிளக். கழற்றி மூக்கைப் பார்க்க. வெளிர் பழுப்பாயின் நலம், உலர்ந்த கரியாயின் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருப்பின் காற்று மிகுதி, எண்ணெய் பூசியிருப்பின் ரிங்கோ வால்வு கைடோ தேய்ந்தது என்க.

கருதலில் தலையாயது வயர் பிடுங்கல். எஞ்சின் ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுவது (உறை நைந்த வயரைத் தொட்டவர் ஞானத்தை உடனே அடைவர்). கழற்றியதும் குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது என்க. விடுப்பில் போனாலும் யாருக்கும் தெரியாத ஆபீஸ் ஊழியர்போல, எந்த மாற்றமும் காட்டாததே குற்றவாளி. அடுத்தடுத்த இரண்டும் சும்மா இருந்தால் நடுவில் ஹெட் காஸ்கெட் போயிருக்கலாம். அந்நிலையில் ஆய்வை நிறுத்திவிட்டுப் பணத்துக்கு வழி பார்ப்பது நன்று.

இனி, தமிழகமெங்கும் ஏற்கப்பட்ட ஈரத்துணிக் கோட்பாட்டுக்கு வருவோம். கத்திரி வெயில். விக்கிரவாண்டி டோல்கேட் வரிசையில் ஊர்ந்த வண்டி இருமி நிற்கிறது. டிரைவர் துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்பின் மேல் போடுகிறார். அரைமணி கழித்து வண்டி கிளம்புகிறது. ஆகவே பம்பில் பெட்ரோல் ஆவியாகி அடைத்தது, துண்டு அதைத் தீர்த்தது என்பது சித்தாந்தம். எஞ்சினை ஒட்டியுள்ள பம்பில் அப்படி நேர்வது மெய்யே. ஆனால் அந்த அரைமணியில் ஆறியது பம்பு மட்டுமா? இக்னிஷன் காயிலும் ஆறியது, கண்டென்சரும் ஆறியது. உள்ளே பழுதான காயில் சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும். இரு நோய்க்கும் அறிகுறி ஒன்று, மருந்தாகிய காத்திருத்தலும் ஒன்று. புகழ் மட்டும் துண்டுக்கு. ஐயம் தீர வேண்டுமானால், வண்டி நின்றவுடன், ஆறுவதற்குள், ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நீலப் பொறி பளீரென அடித்தால் கரன்ட் பக்கம் குற்றமில்லை. பொறி மங்கினால் துண்டைப் பிழிந்து தோளில் போட்டுக்கொள்ளலாம். இந்தச் சோதனையை எவரும் செய்வதில்லை, பின்னால் ஹார்ன் அடிக்கிறார்களாகலின்.

கார்புரேட்டரை முதலில் கழற்றுவது அதன் குற்றத்தால் அன்று, கைக்கு எட்டுவதால். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் பாயிண்டோ, எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றும்போது நொடிக்கு 100 முறை திறந்து மூடுகிறது. அது திறக்கும் இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர். அது மாறினால் எல்லாம் மாறும். யோசித்துப் பாயும் வண்டிக்கு அங்கேயே பக்கத்திலிருக்கும் வேக்குவம் டப்பியையும் ஐயுறுக. அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்ச, காற்று தாராளமாக வந்தால் சவ்வு கிழிந்தது. எஸ்.யு. கார்புரேட்டராயின் தலையிலுள்ள மூடியைத் திருகி டாஷ்பாட்டில் எண்ணெய் உண்டா எனவும் காண்க. அது வற்றினால் உள்ளிருக்கும் பிஸ்டன் துள்ளி எழும், காற்று முந்தும், வண்டி சிந்தனையில் ஆழும். கார்புரேட்டரையே பெட்ரோலில் முழுக்காட்டி மாட்டிய பிறகு இந்தச் சொட்டு எண்ணெயை மறந்த பட்டறைகள் பல.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக என்பது ஆய்வு நெறி. பட்டறையிலோ பிளக், பாயிண்ட், கண்டென்சர் மூன்றையும் மாற்றி, கார்புரேட்டரையும் கழுவி ஒரே மூச்சில் அனுப்பிவிடுகிறார்கள். வண்டி ஓடுகிறது, காரணம் எதுவென்று தெரியவில்லை. கழற்றிய கண்டென்சரை மட்டும் திரும்ப மாட்டி, நோய் மீள்கிறதா என்று பார்க்கலாமா என மெக்கானிக் அண்ணனிடம் கேட்கப்பட்டது.

“பாக்கலாம் சார். அதுக்கு லேபர் தனி.”