ஐம்பது பர்சென்ட்காரர்

எங்கள் குடியிருப்பில் அவரை ஐம்பது பர்சென்ட்காரர் என்றுதான் சொல்வோம். வட்டிக்கு விடுகிறவராக்கும் என்று நினைத்து, புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர் லிஃப்டில் அவரோடு ஏறாமல் படியில் போனதுண்டு.

அவர் ஒருவருக்கும் ஒரு ரூபாய் கடன் கொடுத்ததில்லை. அந்த ஐம்பது, கார் இன்ஷூரன்ஸில் அவர் சேர்த்து வைத்திருக்கும் நோ க்ளெய்ம் போனஸ். ஒரு வருஷம் க்ளெய்ம் கேட்காமல் இருந்தால், சொந்தச் சேதத்துக்குக் கட்டும் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்த வருஷமும் கேட்காவிட்டால் 25, பிறகு 35, 45. ஐந்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தால் 50. அதற்கு மேல் ஏறாது. ஒரே ஒரு க்ளெய்ம் போட்டால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பம். இவர் உச்சிக்கு ஏறிப் பல காலம் ஆகிறது. இறங்குகிற உத்தேசம் இல்லை.

அந்த ஐம்பதுக்காக அவர் பட்ட பாடு காரின் உடம்பெல்லாம் எழுதியிருக்கும். ஷேர் ஆட்டோ கிழித்த பின் பம்பர், மாடு உரசிய இடது கதவு, கீழ்த்தளத் தூண் பிடுங்கிக்கொண்ட சைடு மிர்ரர். எல்லாவற்றுக்கும் சொந்தக் காசு. காரை விற்றாலும் போனஸ் சொந்தக்காரரோடேயே வரும், புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் காரைப் பற்றிய கவலை குறைந்து போனஸைப் பற்றிய கவலை கூடிவிட்டது. பாலிசி முடிந்து 90 நாள் புதுப்பிக்காமல் விட்டால் போனஸ் போய்விடும் என்பதால், முடிவதற்கு ஒரு மாதம் முன்பே பிரீமியம் கட்டிவிடுவார்.

இப்பேர்ப்பட்டவரின் முன்கண்ணாடியில், வண்டலூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில், முன்னால் போன ஜல்லி லாரி ஒரு கல்லை எறிந்துவிட்டது.

முதலில் ஒரு ரூபாய்க் காசைவிடச் சிறிய தெறிப்புதான். முன்கண்ணாடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள், நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. பின்கண்ணாடி மாதிரி பொலபொலவென்று கொட்டிவிடாது. அடி வாங்கிய இடத்திலேயே நின்று யோசிக்கும், அவரைப் போலவே. அந்தக் கட்டத்தில் தெறிப்புக்குள் ரெசின் இறக்கி, புற ஊதா விளக்குக் காட்டி இறுக வைத்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் அதற்குக் கையிலிருந்து கொடுப்பதா, கம்பெனியிடம் கேட்பதா என்ற கேள்வி எழுந்துவிட்டதே. கேள்வி எழுந்தால் கணக்குப் போட வேண்டும். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் வெளியே சித்திரை வெயிலும் உள்ளே ஏ.சி.யும் கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் இழுக்க, தெறிப்பு கால் முளைத்து டிரைவர் பக்கம் நடக்கத் தொடங்கியது. இனி ரெசின் போதாது, கண்ணாடியையே மாற்ற வேண்டும்.

கணக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை உறையின் பின்பக்கத்தில் இருந்தது. என்னிடம் காட்டினார். தள்ளுபடி இல்லாவிட்டால் அவருடைய சொந்தச் சேதப் பிரீமியம் 12,000. இப்போது கட்டுவது 6,000. க்ளெய்ம் போட்டால் அடுத்த வருஷம் முழுசாக 12,000, பிறகு 9,600, 9,000, 7,800, 6,600. பழைய இடத்துக்கு வந்து சேர்வதற்குள் கூடுதலாகப் போவது 15,000. சர்வீஸ் சென்டரில் கண்ணாடிக்குச் சொன்ன எஸ்டிமேட் 11,000. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டார்கள். ஆனால் அவருடையது போன்ற சின்ன வண்டிக்கு முதல் 1,000 ரூபாய் நம் தலையில்தான். ரப்பர் பீடிங்குக்குப் பாதி, ஒட்டுகிற பசை முழுக்க நம்முடையது. ஆக, 9,000 சொச்சம் வாங்கப் போய் 15,000 இழப்பதா?

கணக்கில் தப்பே இல்லை. வண்டி பழசாக ஆக பிரீமியமும் இறங்கும் என்பதால் அந்த 15,000 கொஞ்சம் குறையலாம். ஆனாலும் ரொக்கம்தான் லாபம். பத்து நிமிஷத்தில் முடிகிற விஷயம்.

முடியவில்லை. ரொக்கம் என்றால் பர்ஸைத் திறக்க வேண்டுமே! அண்ணா சாலைக்குப் பக்கத்தில் ஜி.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போனார். “கேஷா, க்ளெய்மா சார்?” என்றார் கடைக்காரர். “ரெண்டுக்கும் ரேட் சொல்லுங்க.” ரொக்கத்துக்கு 6,500. கார் கம்பெனி முத்திரை இருக்காது, கண்ணாடி செய்கிறவர்கள் முத்திரை மட்டும் இருக்கும். வாங்கியிருக்கலாம். அந்த நேரம் பார்த்து, இத்தனை வருஷம் கட்டிய பிரீமியம் அவ்வளவும் அவர் கண்முன் வந்து நின்றது. அவ்வளவு கட்டிவிட்டு இதற்கும் நானே கொடுப்பதா என்று திரும்பிவிட்டார். போனஸை நினைத்தால் க்ளெய்ம் போட மனம் வராது, பிரீமியத்தை நினைத்தால் காசு கொடுக்க மனம் வராது. இரண்டுக்கும் நடுவே, கண்ணாடி மாற்றினால் அதில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டாக்கும் வீணாகுமே, உரித்து ஒட்ட முடியாதே என்ற புதுக் கவலை வேறு. அது உறையில் தனி வரியாக ஏறியது.

ஒருநாள் துணிந்து கம்பெனிக்குப் போன் செய்தார். எதிர்முனையில் பாலிசி நம்பர் கேட்டதுதான் தாமதம், வைத்துவிட்டார். விசாரித்ததையே க்ளெய்மாகப் பதிந்துவிட்டால்?

பி பிளாக்கில் இவருக்கு நேர் எதிரான ஒருவர் உண்டு. வருஷம் முழுக்கக் கீறல்களைச் சேர்த்து வைத்து, ஒரு நல்ல விபத்து கிடைக்காதா என்று காத்திருப்பவர். கல் பட்ட கண்ணாடியும் சுவரில் உரசிய பம்பரும் ஒரே சம்பவம் என்று சர்வேயரிடம் சாதிக்கப் பார்ப்பார். சர்வேயர்கள் இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தவர்கள். தனித்தனிச் சம்பவமாக எழுதி, தனித்தனியாக 1,000 கழித்துவிடுவார்கள். அவராவது ஏதோ வாங்குகிறார்.

நம்மவர் வீட்டு அம்மா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். உறையை ஒதுக்கிவிட்டுப் பாலிசியை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தார். “என்னங்க, போனஸ் புரொடெக்ஷன்னு ஒண்ணு போட்டிருக்கே. வருஷத்துக்கு ஒரு க்ளெய்ம் வரைக்கும் போனஸ் போகாதாம். அதுக்குத் தனியாக் காசு வேற கட்டியிருக்கீங்க.”

“தெரியும். அது ஒரே ஒரு தடவைதான். போயும் போயும் கண்ணாடிக்கு அதைச் செலவழிச்சுட்டா, பெரிசா ஏதாவது வந்தா என்ன பண்றது?”

“பாலிசி அடுத்த மாசம் முடியுதுங்க.”

“அதுக்குள்ள ஒண்ணும் வராதுன்னு எழுதிக் கொடுப்பியா?”

அந்த அம்மாள் எழுதிக் கொடுக்கவில்லை. விரிசல் இதற்குள் ஸ்டியரிங்கைத் தாண்டி வைப்பர் வரை போயிருந்தது.

போன வாரம் சாவியும் கையுமாகக் கீழே வந்தார். முகத்தில் அப்படி ஒரு களை. பாலிசி புதுப்பித்தாயிற்று, 50 சதவீதத் தள்ளுபடி அப்படியே இருக்கிறது, புரொடெக்ஷனும் மறுபடி போட்டாயிற்று.

“அப்ப இனிமே தாராளமாக் க்ளெய்ம் போட்டு மாத்திக்கலாமே சார்” என்றேன்.

“எப்படிங்க? கல்லு பட்டது போன பாலிசியிலல்ல?”