மெலிய வேண்டியது எது, பேராண்டி?

எனக்கு என்னலே தெரியும், கயித்துக் கட்டில்ல கெடக்கிற கெழவன். ஆனாலும் நீ கட்டுன வெப்சைட்டை ஒங்க அத்தை போன்ல காட்டுனா. மேல ஒரு மெனு இருக்குன்னா. கண்ணாடியைத் தொடச்சு மாட்டிப் பாத்தேன், அப்பவும் அகப்படல. பொறவுதான் விஷயம் வெளங்குச்சு. பின்னால இருக்கிற படம் தெரியணும்னு மெனுவுக்கு ஒபாசிட்டி 0.5 போட்டிருக்க.

வேட்டி மெலிசா இருக்கட்டும்னு சொன்னா, கட்டுன ஆளையும் சேத்து மெலிய வச்சிட்டியே ராசா! ஒபாசிட்டி பேக்கிரவுண்டோட நிக்காது. உள்ள கெடக்கிற எழுத்து, படம், பட்டன் அம்புட்டையும் மங்க அடிச்சிரும். அதோட விட்டியா? எழுத்துக்கு மட்டும் தனியா ஒபாசிட்டி 1ன்னு போட்டு மீட்கப் பாத்திருக்க. வெளிய 0.5, உள்ள 1. பெருக்கிப் பாரு, 0.5தானே வருது? ஒன் அஞ்சாப்பு கணக்கு வாத்தியார் இதைக் கேள்விப்படாம இருக்கணும்.

மங்க வேண்டியது நிறம் மட்டும்தாம்லே. அதுக்குத்தான் ஆர்ஜிபிஏன்னு ஒண்ணு வச்சிருக்கான். செவப்பு, பச்சை, நீலம்னு மூணுக்கும் அளவு சொல்லி, நாலாவதா அடர்த்தி எம்புட்டுன்னு சொல்லணும். பேக்கிரவுண்டுக்கு ஆர்ஜிபிஏ(0, 0, 0, 0.8)ன்னு எழுது. கறுப்பு லேசாகும், எழுத்து நிமிந்து நிக்கும்.

துணை மெனு படத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்கிட்டுதுன்னு இசட்-இண்டெக்ஸ் 9999 போட்டியாமே? இன்னும் ரெண்டு ஒம்பது சேத்துப் பாக்கலியா? ஒபாசிட்டி 1க்குக் கொறஞ்சாலே அந்த மெனு தனி அடுக்காயிரும். உள்ள இருக்கிறவன் எம்புட்டுப் பெரிய நம்பர் வச்சிருந்தாலும் அந்த அடுக்குக்குள்ளதான் நாட்டாமை பண்ண முடியும். ஆர்ஜிபிஏவால இந்த வம்பு வராது.

ஒங்க சித்தப்பன் இந்தத் தொழில்ல பட்ட பாட்டைக் கேட்டா நீ ஆடு மேய்க்கப் போயிருவ. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 8 வரைக்கும் ஒபாசிட்டியும் தெரியாது, ஆர்ஜிபிஏவும் தெரியாது. அதுக்குன்னு தனியா ஆல்ஃபா ஃபில்டர் எழுதணும். எழுதுனா எழுத்து ஓரமெல்லாம் பிசிறடிக்கும். சரி, லேசான பிஎன்ஜி படத்தைப் போட்டுச் சமாளிப்போம்னா, 6ஆம் பதிப்பு அதைச் சாம்பல் பூசிக் காட்டும். எக்ஸ்ப்ளோரரோட கிரேடியன்ட் ஃபில்டர்ல எட்டு எழுத்து நிறக்குறியில அடர்த்தி மொதல்ல வரும். இப்போ சிஎஸ்எஸ்ல அதே அடர்த்தி கடைசியில வருது. 2011ல 9ஆம் பதிப்பு வந்துதான் ஒபாசிட்டியையும் ஆர்ஜிபிஏவையும் கத்துக்கிச்சு. 2022 ஜூன்ல எக்ஸ்ப்ளோரருக்கு ஓய்வு குடுத்துட்டாங்க. ஒனக்குப் புத்தி சொல்ற எனக்குத்தான் ஓய்வு கெடைக்கல.

இப்பப் பின்னால இருக்கிறதை மங்கலாக்குற பேக்டிராப்-ஃபில்டர் மேல ஒனக்கு ஆசை வந்திருக்காம். தப்பில்ல. சஃபாரி 2015லயே வெப்கிட்ங்கிற முன்னொட்டோட குடுத்துச்சு. குரோம் 2019ல, பயர்பாக்ஸ் 2022ல வந்து சேந்துச்சு. முன்னொட்டோட ஒரு வரி, இல்லாம ஒரு வரின்னு ரெண்டையும் எழுதிரு. பழைய ஐபோன்காரன் சாபம் ஒனக்கெதுக்கு? எல்லாத்துக்கும் மேல கெட்டியான நிறத்தை ஒரு வரி எழுதி, அதுக்குக் கீழதான் ஆர்ஜிபிஏவை வைக்கணும். தனக்குப் புரியாத வரியை பிரவுசர் சத்தமில்லாம தள்ளிட்டுப் போயிரும். அப்போ மேல இருக்கிற கெட்டி நிறம் மானத்தைக் காப்பாத்தும்.

அழகுக்கு ஆசைப்படுலே, வேண்டாங்கல. ஆனா மெனுங்கிறது வாசிக்கத்தானே? சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 வித்தியாசமாவது இருக்கணும்னு, வெப்சைட்டை எல்லாரும் வாசிக்க வகை செய்ற டபிள்யூசிஏஜி விதி சொல்லுது. வெளேர்னு இருக்கிற படத்து மேல கறுப்பை 0.5 வச்சு வெள்ளை எழுத்து எழுதுனா, அது 4ஐக்கூடத் தொடாது. அதையே 0.8ஆ ஏத்துனா 12ஐத் தாண்டிரும். அதனால படத்துலயே வெளுத்த எடம் எதுவோ, அதுக்கு மேல மெனுவை வச்சுப் பாரு. இருட்டுப் படத்து மேல வச்சுட்டு 'ஆஹா'ன்னு சொல்லிக்கிறதெல்லாம் ஊரை ஏமாத்துற வேலை.

கஸ்டமர் அண்ணாச்சி 'பாதிக்குப் பாதி தெரியணும்'னு அடம்பிடிச்சா எதுத்துப் பேசாத. 'ஆகட்டும் அண்ணாச்சி'ன்னு தலையாட்டிட்டு வந்து 0.8ஐப் போடு. 'பின்னால படம் தெரியுது பாருங்க'ன்னு காட்டு. 'அடேயப்பா'ம்பாரு. தசமப் புள்ளியை எண்ணிப் பாத்துப் பில்லுல கழிச்ச அண்ணாச்சி இதுவரைக்கும் பொறக்கல.