சுருதி சேர்க்கும் படலம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஆலைகளை நம்பிப் பிழைக்கும் லைன் வீடுகளில், சீட்டாட்டத்துக்கு ஒருவர், மீன்குழம்புக்கு ஒருவர், ஊர் நியாயம் பேச ஒருவர் என்று அமைந்திருப்பதுபோலவே, கிதார் கற்கத் தொடங்கியவர் என்று ஒருவரும் தவறாமல் இருப்பார். கற்று முடித்தவர் என்ற பிரகிருதியை நான் இன்னும் தரிசித்ததில்லை.

சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமையன்று சென்னைக்குச் சென்று அவ்வாத்தியத்தை வாங்கி, மின்சார ரயிலில் மடிமேல் கிடத்தி, மீஞ்சூரில் ஏறும் கூட்டம் இடித்துவிடாதபடி அவர் அணைத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால், கைக்குழந்தைக்காரி என்றெண்ணி எழுந்து இடம் கொடுக்கத் தோன்றும். லட்சியமோ வெகு எளியது: 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தில், ‘இளைய நிலா’ பாட்டுக்கு இளையராஜா அமைத்த கிதார் இசையை அப்படியே வாசித்துவிட வேண்டும். அரிச்சுவடி வாங்கிய அன்றே கம்பராமாயணப் பிரசங்கத்துக்கு நாள் குறிப்பவர் அவர். “பண்ணைப்புரத்துலேருந்து வந்தவரு லண்டன் டிரினிட்டி பரீட்சையில தங்கப்பதக்கம் வாங்கலியா?” என்று கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது!

ஆனால், ஈ, ஏ, டி, ஜி, பி என்று போய் மறுபடி ஈயிலேயே வந்து முடியும் ஆறு தந்திகளில், தடித்த ஈயைப் பிடித்தால் மெல்லிய ஈ பறந்துவிடுகிறது. சுருதி சேர்ப்பதிலேயே பொழுது விடிகிறது. நாள் முழுதும் இரும்போடு மல்லுக்கட்டி உள்ளங்கை காய்த்துப்போன அந்த மனிதர், இடது விரல் நுனி கம்பி பட்டுச் சிவந்ததை டீக்கடையில் பார்த்தவரிடமெல்லாம் காட்டி அனுதாபம் சம்பாதிப்பார். ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு தந்திகளையும் அழுத்தவேண்டிய ‘எஃப்’ என்ற கார்டைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சை ஓவர்டைம் பணத்துக்கு மாற்றிவிடுவார்.

இதைவிடப் பெரிய இடையூறு ஷிப்டு. காலை ஆறு, பகல் இரண்டு, இரவு பத்து என்று ஆலைகள் ஆள் மாற்றும் ஊரில், எந்த வேளையிலும் யாரேனும் ஒருவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார். வித்வான்கள் சாதகத்துக்கென்று புகழ்ந்த பிரம்ம முகூர்த்தமும் இங்கே எவருடைய நித்திரைக்கோ பாத்தியப்பட்டது. இரவுப்பணி முடித்துவந்து படுத்த அறைத்தோழன் ஒருநாள் போர்வையை விலக்கிச் சொன்னான்: “அண்ணே, ரோலிங் மில் சத்தத்துலகூடக் கண்ண மூடிருவேன். அது ஒரே மாதிரி சத்தம். நீங்க எப்ப நிறுத்துவீங்க, எப்ப ஆரம்பிப்பீங்கன்னே தெரியலண்ணே.”

மெல்லிய ஈ அறுந்து மூன்று மாதமாகிறது. அவர் மீதி ஐந்துக்கும் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்.