முழுப் பூசணிக் கோட்பாடு: லாபுவிலிருந்து ஓர் ஆய்வு

மலாயில் ‘லாபு’ என்றால் பூசணி. சிரம்பானுக்கும் நீலாய்க்கும் நடுவே கொமுட்டர் ரயில் நின்று போகும் எங்கள் ஊருக்கும் அதுதான் பெயர். நட்சத்திரக் குழந்தைகளின் சமூக ஊடக வாழ்வை ஆராய இதைவிடப் பொருத்தமான களம் வேறில்லை என்பது இக்கட்டுரையின் முதல் துணிபு. ஆய்வு செம்பனை மரத்தடியில், லைன் கிடைத்த நேரங்களில் நடந்தது. துணை ஆய்வாளர்: பக்கத்து வீட்டு அத்தை.

மூலச் சான்று ஒன்று. நடிகை நயன்தாரா–இயக்குநர் விக்னேஷ் சிவன் தம்பதியின் இரட்டையர் உயிரும் உலகும் 2022 அக்டோபர் 9 அன்று உலகுக்கு அறிவிக்கப்பட்டனர். அன்று நாம் தரிசித்தது பிஞ்சுப் பாதங்களை மட்டுமே. அதன்பின் வந்த படங்களில் முதுகு உண்டு, விரல் உண்டு, முகம் இல்லை. 2023 ஆகஸ்ட் 31 அன்று நயன்தாரா இன்ஸ்டாகிராமுக்கு வந்தார். முதல் காணொளியிலேயே இடுப்புக்கு ஒரு பிள்ளையாக நடந்து வந்தார். இரண்டு முகங்களும் தெரிந்தன. பத்து லட்சம் பேர் மளமளவென்று சேர்ந்தார்கள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பது பழைய உரையாசிரியர்கள் கண்ட முடிவு. நாம் மாறுபடுகிறோம். தாராளமாக மறைக்கலாம், பந்தியில் இருப்பவர் எல்லாரும் “பூசணி எங்கே, பூசணி எங்கே” என்று கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கேள்விதான் குழந்தையின் முதல் ஃபாலோயர்.

அடுத்து, படங்களில் பிள்ளையின் முகத்தின்மேல் ஒட்டப்படும் இதய எமோஜி. இது திருஷ்டிப் பொட்டின் வழித்தோன்றல் என்று நிறுவுவது எளிது. அந்தக் காலத்தில் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் போகும் பிள்ளையின் கன்னத்தில் பத்து காசு அகலத்துக்கு மை இருக்கும். வந்த கண் அதில் பட்டுத் திரும்பிவிடும். எமோஜியோ முகத்தைவிடப் பெரியது. திரும்பிப் போகிற கண்ணையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறது. திருஷ்டி கழிக்கவும் பூசணியைத்தான் உடைக்கிறோம் என்பதை ஆய்வுலகம் கவனிக்க.

நட்சத்திரப் பிள்ளை தோட்டத்துக்குப் புதிது என்று எண்ண வேண்டாம். எங்கள் காலத்தில் கிராணி, அதாவது தோட்டக் கணக்கர், மகன் ஒருவன் இருந்தான். அவன் பெயர் யாருக்கும் தெரியாது. ‘கிராணி மகன்’, அவ்வளவே. காலையில் முதல் டிவிஷனில் சைக்கிளிலிருந்து விழுந்தான் என்றால், விளக்கு வைப்பதற்குள் நாலாவது டிவிஷனில் எந்த முட்டி என்பதுவரை பேசினார்கள். கணக்குத் தொடங்காமலே கணக்கில் வந்தவன்.

விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நடிகர் அஜித் 2011-இல் ரசிகர் மன்றங்களையே கலைத்தவர். சமூக ஊடகத்திலும் இல்லை. 2022-இல் அவர் மனைவி ஷாலினி இன்ஸ்டாகிராமுக்கு வந்தார்; பிள்ளைகளின் படங்களும் வந்தன. “வாசக் கதவைச் சாத்துனா அடுப்படிக் கதவு இருக்குல்ல” என்றார் துணை ஆய்வாளர். கிரிக்கெட் வீரர் கோலி–நடிகை அனுஷ்கா தம்பதி மெய்யாகவே மறைத்தார்கள், படம் எடுக்காதீர்கள் என்று கேட்டும் கொண்டார்கள். 2022 ஜனவரியில் கேப் டவுன் ஆட்டத்தின்போது தொலைக்காட்சிக் கேமரா மகள் வாமிகாவின் முகத்தைக் காட்டிவிட்டது. அடுத்தவர் சோற்றில் கைவிட்டுப் பூசணி தேடுவதை நம் கோட்பாடு ஏற்கவில்லை.

லாபுவுக்கே இதில் அனுபவம் உண்டு. 2009 தொடக்கத்தில், ஏர் ஏசியாவும் சைம் டார்பியும் இங்கே விமான நிலையம் கட்டப்போவதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஜனவரி முடிவதற்குள் திட்டம் கைவிடப்பட்டது. முகம் காட்டாமலே புகழ் பெற்ற ஊர் இது.

சட்டநிலை: இன்ஸ்டாகிராமின் விதிப்படி, கணக்குத் தொடங்க 13 வயது ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால், கணக்கைப் பெரியவர் நடத்துவதாக எழுதி வைக்க வேண்டும். பால் புட்டிக்கும் மேனேஜர் உண்டு என்று பொருள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கணக்கே கூடாது என்று மலேசிய அரசு 2025 நவம்பரில் அறிவித்ததும் துணை ஆய்வாளர் கவலைப்பட்டார். அவர் பேரனுக்கு வயது எட்டு மாதம்.

அந்தப் பேரனின் படம் நேற்றுக் குடும்பப் புலனக் குழுவுக்கு வந்தது, முகத்தில் பெரிய சிவப்பு இதயத்தோடு. குழுவில் இருப்பது பதினோரு பேர். பதினோரு பேரும் அவனைக் குளிப்பாட்டியவர்கள். அத்தை தயவுசெய்து அந்த இதயத்தை எடுத்துவிட வேண்டும் என்று ஆய்வுக் குழு பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.