பயணம் ஒன்று, பிரதிகள் பல

கேள்வி: வீட்டில் மேசைக் கணினி, அலுவலகத்தில் மடிக்கணினி. இரண்டிலும் என் யாத்திரைத் திட்டம் இருக்கிறது. ஒன்றின்படி நான் ஹரித்வாரில் தங்குகிறேன், மற்றொன்றின்படி ரிஷிகேசத்தில். எங்கே போய் இறங்குவது?

பதில்: இறங்குவதற்கு முன் உட்காருங்கள். இரண்டு பிரதிகளையும் அருகருகே திறந்து, ஒன்றை மூலப் பிரதி என்று நிச்சயம் செய்து, மற்றதில் மாத்திரம் காணப்படும் தங்குமிடம், ரயில் எண், தொலைபேசி எண் முதலியவற்றையெல்லாம் மூலப் பிரதியிலே சேர்த்த பிறகு, எஞ்சியதற்குப் ‘பழையது’ என்று பெயரிட்டு ஒதுக்கிவிடுங்கள். இரு கணினிகளிலும் கோப்பை ஒரேபடியாக வைத்திருக்கும் ஒத்திசைவுச் செயலி எதுவாயினும், எந்தத் திட்டம் சரி என்பதை அது அறியாது. எது மாறியது என்பதை மட்டுமே அறியும். ஆகையால் குழம்பிய இரண்டு திட்டங்களை அதனிடம் ஒப்படைக்கிறவர், அதே குழப்பத்தை இரண்டு கணினிகளிலும் குறைவின்றிப் பெறுவார்.

கேள்வி: எது புதிய பிரதி என்று செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது? கோப்பின் தேதியைப் பார்த்தா?

பதில்: தேதியை மட்டும் நம்பினால் விபரீதம் நேரும். ஒரு கணினியின் கடிகாரம் பத்து நிமிஷம் முந்தி ஓடுமானால், அதில் செய்த பழைய திருத்தமும் புதியதுபோலத் தோன்றி, உண்மையிலேயே பின்னால் வந்த திருத்தத்தை அழித்துவிடக் கூடும். பல கணினிகளில் நடப்பவற்றின் முன்பின் வரிசையை, அவற்றின் கடிகாரங்களைச் சார்ந்திராமல் நிர்ணயிப்பது எவ்வாறு என்பதை லெஸ்லி லாம்போர்ட் என்ற விஞ்ஞானி 1978-ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். நல்ல செயலிகள், கடைசியாக இரு பிரதிகளும் ஒத்திருந்த நிலை எது, அதன் பிறகு எந்தப் பக்கம் மாறியது என்று கணக்கு வைத்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் மாத்திரம் மாறியிருந்தால் அம்மாற்றம் மறுபக்கம் போய்ச் சேரும். இரு பக்கமும் மாறியிருந்தால், டிராப்பாக்ஸ் போன்றவை எதையும் அழிக்காமல், ஒன்றை ‘முரண்பட்ட பிரதி’ என்ற குறிப்புடன் பக்கத்திலேயே வைத்துவிடும். அப்படியொரு கோப்பு கண்ணில் பட்டால் அன்றைக்கே ஒப்பிட்டுத் தீர்த்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால், எந்த விடுதிக்கு முன்பணம் கட்டினோம் என்பது நினைவில் இராது.

கேள்வி: நானும் என் மனைவியும் ஒரே நேரத்தில் திருத்துகிறோம். ஒருவர் எழுத்தை மற்றவர் எழுத்து விழுங்கிவிடுகிறது. பரிகாரம் உண்டா?

பதில்: முழுக் கோப்பையும் மாற்றி மாற்றி அனுப்புவதை விட்டு, கூகிள் ஷீட்ஸ் போன்றதொரு பொது அட்டவணைக்குப் போய்விடுங்கள். அதில் ஒவ்வொரு கட்டத்தின் மாற்றமும் தனித்தனியே பதிவாவதால், நீங்கள் ரயிலையும் அவர் விடுதியையும் ஒரே கணத்தில் எழுதினாலும் இரண்டும் நிலைக்கும். ஒரே கட்டத்தில் இருவரும் இரண்டு ஊர்களை எழுதினால் பின்னால் எழுதியதே நிற்கும். எந்த ஊருக்குப் போவது என்பதை மட்டும் அட்டவணைக்கு விடாமல், சாப்பாட்டு வேளையில் பேசித் தீர்த்துக்கொள்வதே உத்தமம்.

கேள்வி: கார்மின் பேஸ்கேம்ப் மென்பொருளில் பாதைகளைத் திட்டமிடுகிறேன். அதன் தரவுத்தளத்தையே டிராப்பாக்ஸ் ஃபோல்டரில் வைத்துவிட்டால் இரு கணினிகளிலும் தானாக வந்துவிடாதா?

பதில்: வரும், முழுதாக வரும் என்பதற்குத்தான் உத்தரவாதமில்லை. அத்தகைய மென்பொருள்கள், நீங்கள் குறித்த இடங்களையும் பாதைகளையும் ஒரே தரவுத்தளமாகக் கட்டிவைத்து, திறந்திருக்கும் வரையில் அதில் எழுதிக்கொண்டிருக்கக் கூடுமாதலால், பாதி எழுதிய நிலையில் எடுக்கப்பட்ட பிரதி மறுகணினிக்குப் போனால், ஒரு பாதை மட்டுமன்றி அத்தனை பாதைகளும் திறக்க மறுக்கலாம். ஓரிடத்தில் மூடி, ஒத்திசைவு முடிந்ததென்று செயலி காட்டிய பின்னரே மற்றோரிடத்தில் திறக்க வேண்டும். அதைவிடச் சுலபமான உபாயம், ஒவ்வொரு பயணத்தையும் ஒரு ஜி.பி.எக்ஸ். கோப்பாக ஏற்றுமதி செய்து, அந்தச் சிறு கோப்புகளை மாத்திரம் ஒத்திசைப்பது.

கேள்வி: அப்படித்தான் செய்தேன். மறுகணினியில் அதே பாதை வேறு சாலை வழியாகப் போகிறதே?

பதில்: 2002-இல் வெளிவந்த ஜி.பி.எக்ஸ். வடிவம் இடக்குறி, வழித்திட்டம், தடம் என்று மூவகைப் பதிவுகளை ஏற்கிறது. வழித்திட்டத்தில் இன்ன இன்ன இடங்களைத் தொட்டுச் செல்ல வேண்டும் என்பதே முக்கியம். இடைப்பட்ட சாலையை, அதைத் திறக்கும் மென்பொருள் தன்னிடமுள்ள வரைபடத்தைக் கொண்டு மறுபடி கணக்கிட்டுவிடலாம். தடமோ புள்ளி புள்ளியாகப் பதிந்தது. அதை யாரும் மறுபடி கணக்கிடுவதில்லை. குறிப்பிட்ட சாலையிலேதான் போக வேண்டுமென்பது உங்கள் சங்கற்பமானால், தடத்தையும் சேர்த்தே அனுப்புங்கள்.

கேள்வி: மூன்று கணினிகளில் பிரதி இருக்கும்போது காப்புப் பிரதி வேறு எதற்கு?

பதில்: ஒன்றில் அழித்தால் மூன்றிலும் அழியும், ஒத்திசைவின் கடமையே அதுதான். கூகிள் டிரைவின் குப்பைத்தொட்டியில் நீக்கிய கோப்பு 30 நாட்களே இருக்கும். நம் ரயில் முன்பதிவோ பயணத்துக்கு 60 நாட்கள் முன்னரே தொடங்கிவிடுகிறது. பதிவு செய்த வாரத்திலேயே கைதவறி அழிந்ததைப் புறப்படும் வாரத்தில் தேடுகிறவருக்கு அந்தத் தொட்டி உதவாது. வாரம் ஒரு முறை ஒரு பென் டிரைவில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து திரும்பும் விமானத்தை நாட்காட்டியில் காலை 10 மணி என்று குறித்தேன். அங்கே இறங்கியதும் மடிக்கணினி 12.30 என்கிறது. கணினி கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை, நீங்கள் சொன்னதை அட்சரம் பிசகாமல் காப்பாற்றியிருக்கிறது. சென்னையில் இருந்தபடி எழுதிய 10 மணியை அது இந்திய நேரமாகக் கொண்டது. சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. நாட்காட்டிகள் தமக்குள் பரிமாறிக்கொள்ளும் ஐகேலெண்டர் வடிவம், 1998-இல் வகுக்கப்பட்ட காலந்தொட்டு, நேரத்துடன் நேர மண்டலத்தையும் குறிக்க இடம் வைத்திருக்கிறது. புறப்பாட்டுக்குச் சிங்கப்பூர் மண்டலத்தையும், சென்னை வந்து சேர்வதற்கு இந்திய மண்டலத்தையும் குறித்துவிட்டால், எந்தக் கணினியை எந்தத் தேசத்தில் திறந்தாலும் விமானம் தவறாது.

கேள்வி: என் விவரங்கள் அந்நியக் கம்பெனியின் கணினியில் தங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. வேறு மார்க்கம்?

பதில்: சிங்க்திங் என்ற இலவசச் செயலி, நடுவில் எவரிடமும் கோப்புகளைச் சேமித்து வைக்காமல், உங்கள் கணினிகளுக்குள்ளேயே பரிமாற்றம் செய்துவைக்கும். நிபந்தனை ஒன்றுதான்: இரண்டு கணினிகளும் ஒரே சமயத்தில் விழித்திருக்க வேண்டும்.

கேள்வி: பாஸ்போர்ட் நகலையும் அதே ஃபோல்டரில் வைக்கலாமா?

பதில்: கடவுச்சொல்லிட்டு மறையாக்கம் செய்த கோப்பாக வைக்கலாம். பிறர் நிர்வகிக்கும் அலுவலகக் கணினிக்கு மட்டும் அது போகவே வேண்டாம்.

கேள்வி: புறப்படுவதற்கு முன் கடைசியாகச் செய்ய வேண்டியது என்ன?

பதில்: முந்தின நாள் மாலையோடு திருத்துவதை நிறுத்திவிட்டு, இணையத்தைத் துண்டித்து, உடன் எடுத்துச் செல்லும் மடிக்கணினியிலும் கைப்பேசியிலும் திட்டத்தைத் திறந்து பாருங்கள். பல செயலிகள் கோப்பின் பெயரை மட்டும் கணினியில் காட்டி, உள்ளடக்கத்தை இணையத்திலேயே வைத்திருப்பதால், இணையமின்றித் திறக்கும் கோப்பே உண்மையில் உங்கள் கைவசம் உள்ள கோப்பு. அதன் பிறகு பயணச்சீட்டு எண்களையும் விடுதி முகவரிகளையும் ஒரு தாளில் அச்சிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரமும் இணையமும் இல்லாத ஊரிலும் அந்தத் தாளைப் படிக்கலாம்.