பிராசஸரைக் குளிர்விக்க ஒரு சுத்தியல் போதும்

முதலில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பிராசஸர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். செத்துப்போனதை வைத்துப் பழகினால் கை நடுங்காது. கை நடுங்காவிட்டால் இதில் என்ன ருசி? இன்டெல் 2012-இல் விட்ட கோர் ஐ7-3770கே ரொம்பத் தோது. வாரண்டி பாக்கியிருந்தால் இன்னும் விசேஷம். மூடியைப் பெயர்த்த கணத்தில் அதுவும் போய்விடும்.

மூடி என்றால் கூலர் வந்து உட்காரும் உலோகத் தகடு, ஹீட் ஸ்ப்ரெடர். நிக்கல் பூசிய தாமிரம். அதற்கடியில்தான் உண்மையில் வேலை செய்கிற சிலிக்கான் சில்லு இருக்கிறது. 2011-இல் வந்த 2600கே வரை சில்லையும் மூடியையும் உலோகத்தால் பற்றவைத்தே அனுப்பினார்கள். மறு வருஷம் பற்றவைப்புக்குப் பதில் பேஸ்ட் தடவி அனுப்பினார்கள். சில்லில் சூடு ஏறவே ஊரே பேஸ்ட்டைத் திட்டியது. ஆனால் மூடியின் விளிம்பை ஒட்டும் கறுப்புப் பசைக்கும் இதில் பெரிய பங்குண்டு: அதன் தடிமனால் மூடி ஒரு முடியளவு தூக்கி நிற்கும், அந்த இடுக்கில் பேஸ்ட் கனமாகத் தேங்கிச் சூட்டை மறிக்கும். ஆகவே மூடியைக் கழற்றிப் பசையைச் சுரண்டினாலே பாதி புண்ணியம்.

கழற்ற வழிகள் உண்டு. புது பிளேடை மூலையில் நுழைத்து மெல்ல அறுக்கலாம். ஆழமாகப் போனால் பச்சைப் பலகைக்குள் ஓடும் செப்புக் கோடுகள் அறுந்துவிடும். ரத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், அது உங்களுடையதுதான். பொறுமை இல்லாதவர்கள் மூடியை வைஸில் கவ்வி, பலகையின் ஓரத்தில் மரக்கட்டையை வைத்து, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டலாம். வீட்டார் பார்க்காத நேரமாகச் செய்யுங்கள். டெர்பவ்வர் என்று அறியப்படும் ஜெர்மானியர் ரோமன் ஹார்ட்டுங் இதற்கென்றே ஒரு கருவி செய்தார். சாவியைத் திருகினால் மூடி நகர்ந்துவிடும். கோழைகளுக்கு உதவும்.

2018-இல் 9900கே-யோடு இன்டெல் மறுபடி பற்றவைப்புக்குத் திரும்பியது. அப்படிப்பட்ட சிப்புகளில் பற்றவைப்பிலுள்ள இண்டியம் இளகுவதற்காகச் சூடேற்றுகிறவர்களும் உண்டு. இண்டியம் உருகுவது சுமார் 157 டிகிரியில். குளிர்விப்பதற்காகப் பிராசஸரை அடுப்பில் வாட்டும் ஒரே வைத்தியம் இது.

இனி பழைய பேஸ்ட்டுக்குப் பதிலாகச் சில்லில் தடவ லிக்விட் மெட்டல். காலியம், இண்டியம், வெள்ளீயம் கலந்தது, அறைச் சூட்டிலேயே திரவம். கடுகளவு போதும், நீங்கள் மிளகளவு வைப்பீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்துக் கெபாசிட்டர்களில் சிந்தினால் கதை முடிந்தது. அவற்றின் மேல் முன்கூட்டியே நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள். யாரிடம் கேட்டு வாங்கினாலும் காரணத்தைச் சொல்லாதீர்கள். அலுமினியக் கூலர் பக்கமே இதைக் கொண்டுபோகாதீர்கள். காலியம் அலுமினியத்தை உதிர்த்துவிடும்.

பலன் உண்டா? சத்தியமாக உண்டு. பேஸ்ட் போட்டு வந்த சிப்பில் 10 முதல் 20 டிகிரி வரை இறங்கும். முழுச் சுமையில் 90-ஐத் தொட்டது 70-களில் நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். உடனே பயாஸுக்குள் போய் வோல்டேஜை ஏற்றி, வேகத்தையும் இன்னும் கொஞ்சம் முடுக்கி, சூட்டைப் பழையபடி 90-க்கே கொண்டுபோய்ச் சேருங்கள்.